சிவப்பு மூடிச் சாம்பார் சாதம்

கவளம் டாக்டர் உலகநாதனின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஆய்வு உதவியாளரான அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

வேண்டாம் சார் என்று சொல்ல முடியாது. அவர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர்.

அடுத்த மாதம் ஆய்வு தொடங்குகிறது. உப்பைக் கால்வாசி குறைத்தால் இரத்த அழுத்தம் இறங்குமா என்று ஊர் ஊராகச் சோறு போட்டுப் பார்க்கப்போகிறார்கள்.

இன்று ஒத்திகை.

சிவப்பு மூடி டப்பா ஆறு. நீல மூடி டப்பா ஆறு. ஒரு நிறத்தில் வழக்கமான உப்பு, மற்றதில் குறைந்த உப்பு. எதில் எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. சமைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாப்பிட்டவர்கள், தமக்கு வந்தது எது என்று சீட்டில் எழுத வேண்டும். பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டால் ஆய்வு படுத்துவிடும்.

அதுவரை ருசியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஒத்திகை செல்லாது. மேற்பார்வைக்கு வந்து கடைசி வரிசையில் இருக்கும் தத்தா மேடம் டெல்லிக்கு அப்படியே எழுதிவிடுவார். ஆய்வு நின்றுபோகும். அவளுடைய வேலையும் அதோடு போகும்.

சாப்பிட வந்த பன்னிரண்டு பேரும் தெய்வங்கள். சாம்பார் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐசக் ஞானமுத்து இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் அதற்குள் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டார்.

அப்போதுதான் இயக்குநர் போட்டோக்காரருடன் உள்ளே வந்தார்.

காலையில் இதே கூடத்தில் அவர் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். நாக்கு பொய் சொல்லும், தரவு பொய் சொல்லாது என்றார். ஆய்வாளன் உணர்ச்சியற்றவன் என்றார். கைதட்டலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசினார். பின்னாலிருந்த பேனரிலும் அவர்தான், ஒரு தட்டுக் காய்கறியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு.

போட்டோவுக்காகப் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் இன்னும் கை வைக்காத தன் சிவப்பு மூடி டப்பாவிலிருந்து முதல் கவளத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டார். ஐயா பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆய்வு விதிகளில் அதற்குப் பதில் இல்லை.

கவளம் உள்ளே போனது.

மென்றார். புருவம் சுருங்கியது. கூடம் மறைந்தது. டெல்லி மறைந்தது. அவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்.

"உப்பு பத்தலியே."

உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சமையலறைக் கதவு வரை போகும் குரல்.

கைகள் டப்பாக்களுக்குள் நின்றன. ஐசக் ஞானமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. எழுந்தார். தத்தா மேடத்தைப் பார்த்து, பிரமாதம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. தலையசைத்தார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். எழுதுவதற்கு முன் சிலர் இயக்குநரை ஒருமுறை மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் சீட்டுகளை வாங்கினாள். நிறவாரியாகப் பிரித்தாள்.

சிவப்பு மூடிக்காரர்கள் ஆறு பேரும் குறைந்த உப்பு என்று எழுதியிருந்தார்கள். நீல மூடிக்காரர்கள் ஆறு பேரும் வழக்கமான உப்பு. சிவப்பில் குறைவு என்றால் நீலத்தில் சரியாகத்தான் இருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் எல்லோருக்கும் தெரியும்.

முடிந்தது என்று நினைத்தாள்.

தத்தா மேடம் உறையைக் கிழித்தார்.

சிவப்பில்தான் வழக்கமான உப்பு. நீலத்தில் குறைவு.

பன்னிரண்டு பேரும் தப்பு.

டாக்டர் உலகநாதன் துள்ளிக் குதிக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை பாருங்கள் என்றார். எல்லாம் தன் வடிவமைப்பு என்றார். தானே கைதட்டத் தொடங்கினார். கூடமும் சேர்ந்துகொண்டது.

பேச்சியம்மாள் அவள் காதருகே வந்தார்.

"எனக்கு உப்பு சரியாத்தாம்மா இருந்துச்சு. அம்புட்டுப் படிச்சவுக சொல்லுதாகளேன்னு என் நாக்கு மேலதான் சந்தேகப்பட்டேன்."

தத்தா மேடம் மட்டும் கைதட்டவில்லை. சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதிப் பேருக்காவது சரியாக வந்திருக்குமே என்றார். இப்படி ஒட்டுமொத்தமாகத் தப்பு செய்ய, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். சாப்பிட்டுவிட்டு டாக்டர் தமிழில் என்ன சொன்னார்?

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பொய் ஒன்று தயாராக இருந்தது. நல்ல பொய். பிரமாதம் என்று அவரே கையில் கொடுத்திருந்தார்.

அவள் உள்ளதைச் சொன்னாள்.

தத்தா மேடம் சிவப்பு மூடியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார்.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ. நோயாளி உள்ளே நுழையும்போது மருத்துவர்களின் முகத்தில் வருவது.

மேடம் மூலையிலிருந்த இரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்தார். டாக்டர் உலகநாதனுக்கு நாற்காலியைக் காட்டினார்.

அவர் சிரித்தார். தேவையில்லை என்றார். தினமும் நடப்பதாகச் சொன்னார். உட்கார்ந்தார்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். யாரும் சொல்லாமலேயே இறக்கிக்கொண்டார்.

பட்டை இறுகியது. தளர்ந்தது. எண்கள் இருக்க வேண்டியதற்கு மேலே வந்து நின்றன.

மேடம் கருவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்களைக் குறித்துக்கொண்டார்.

நாளைக்கு இன்னொரு ஒத்திகை என்று அவளிடம் சொன்னார். புது மூடிகள். முழுப் பொறுப்பும் அவளுடையது.

சமையலறைக்கும் சொல்லிவிட வேண்டும். டப்பா பதின்மூன்று.