கச்சேரி வாசல் வரை

“நெஞ்சுக்குள்ளை அடைப்புக்கு ஸ்ரென்ற் வைச்ச ஆள், அரசாங்க அதிபரின்ரை கச்சேரி வாசல் மட்டும் ஊர்வலம் போறதோ?” என்று மகள் சீலா படலையைச் சாத்தினாள்.

“போவன். காணாமல் ஆக்கின என்ரை பிள்ளையை எங்கையெண்டு ஆர் கேக்கிறது?”

மகன் சுபாஸின் படத்தை அணைத்தபடி நின்றேன்.

வாராவாரம் வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கிற நேர்ஸ் ஜெசிதா சொன்னால் அடங்குவேன் என்று சீலா அவளை அழைத்தாள்.

ஜெசிதா வந்து பிறஷர் பார்த்தாள்.

“அன்ரி, மெல்ல நடவுங்கோ. நெஞ்சு நொந்தால் உடனை இருந்திடவேணும். நான் பக்கத்திலை வருவன்.”

“மிஸ், நீங்களுமோ?” என்றாள் சீலா.

பிறஷர் கருவியை வைத்த பையிலிருந்து ஜெசிதா ஒரு படத்தை எடுத்தாள்.

“என்ரை அண்ணை.”

சீலா படலையைத் திறந்தாள்.

“அம்மா, பாரம் தூக்கக்கூடாது. அண்ணையை என்னட்டைத் தாங்கோ.”