கொல்குவின் கல்

முதன்முறையாக எழுதத் துணிந்திருக்கிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அயர்லாந்தில், ஷானன் ஆற்றங்கரை மடத்திற்குக் கல்லறைக் கற்கள் செதுக்கித் தந்தவர் டூஹல். அவருடைய தம்பி கொல்கு சென்ற படகு கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது, உடல் கிடைக்கவில்லை. டூஹல் ஒரு சிலுவையைச் செதுக்கி, அதன் கீழே ‘கொல்குவுக்காக ஒரு ஜெபம்’ என்று பொறித்து, தோண்டாத தரையின்மேல் கல்லைக் கிடத்தினார். அவ்வழியே சென்றவர்கள் வழக்கப்படி பெயரைப் படித்து, அவன் இந்த மண்ணில் இளைப்பாற வேண்டினர்.

பத்தாம் நாள் கொல்கு திரும்பி வந்தான்.

“என்னண்ணே, சாகுறதுக்குள்ள கல்லு வச்சுட்டியே! அவ்வளவு அவசரமா? முதல்ல அதை உடைச்சுப் போடு,” என்று சிரித்தான் கொல்கு.

“போடா! இப்படி ஒரு சிலுவை இனிமே என் கைக்கு வராது. பேரை மட்டும் அப்புறமா சுரண்டிடுறேன்.”

பெயர் கல்லிலேயே இருந்ததால் ஜெபங்கள் தொடர்ந்தன. நாள்தோறும் கல்லுக்கடியில் தரை ஒரு விரற்கடை உயர்ந்தது.

“சரியா என் நீளத்துக்கு மேடாயிருக்கு, அண்ணே,” என்றான் கொல்கு. இம்முறை அவன் சிரிக்கவில்லை.

அவன் திரும்பி வந்த ஏழாம் நாள் காலையில் அவனுடைய குடிசை உள்ளே தாழிடப்பட்டிருந்தது. டூஹல் கதவை உடைத்துத் திறந்தார். படுக்கையில் எவருமில்லை, வைக்கோல் ஆற்றுநீரில் நனைந்திருந்தது. அவர் ஓடிச்சென்று கல்லைத் தூளாக்கினார். மேடு அமுங்கவில்லை.

இழந்தவை இவை: ஒரு தம்பி, ஒரு நல்ல சிலுவை, ஆறு நாட்கள். பெயரைச் சுரண்ட அரை நாள் போதுமாயிருந்தது.