செவலை தின்னவில்லை

“நம்மில் ஒருத்தர் சத்தியத்தை மீறியாச்சு. யாருன்னு இப்பவே தெரியணும்.”

புளியமரத்தடியில் நின்று சங்கத் தலைவன் ஆண்டி கேட்டதும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சென்னம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மெல்லப் பின்னுக்கு நகர்ந்தாள்.

யுத்த காலம். குப்பை அள்ளுகிறவர்களுக்குப் பஞ்சாயத்து போர்டு சம்பளத்தோடு மாதாமாதம் ராகியும் அளந்து வந்தது. திடீரென்று ஒருநாள், இனி ராகி கிடையாது, அதற்குப் பதில் காசு என்றது. கடையில் ராகியே இல்லாத காலத்தில் காசை வேகவைத்தா தின்ன முடியும்? தெருக் கூட்டுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். ஊர் நாறத் தொடங்கியது.

குப்பை வண்டி மாடுகளான செவலையும் மயிலையும் போர்டுக் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. தீனி போடுவதும் அவர்கள் வேலைதான், மாடு செத்தால் பழி அவர்கள் தலையில்தான் என்று சொல்லிவிட்டார் போர்டுத் தலைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் மண்டபத்தில் ஜீவகாருண்யம் பேசுகிற மனிதர்.

கொட்டகைக்குள் ஒருவர் கால் வைத்தாலும் போதும், வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று போர்டு தண்டோரா போடும். அதனால்தான் ஆண்டி எல்லோரையும் மாரியம்மன் முன்னால் நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். யாரும் உள்ளே போகக்கூடாது. போனவருக்குத் தெருவில் யாரும் நெருப்பு, தண்ணீர் கொடுக்கக்கூடாது.

இன்று காலை டீக்கடையில் போர்டு மேஸ்திரி குப்புராஜ் எல்லோர் முன்னிலையிலும் ஆண்டியின் மானத்தை வாங்கிவிட்டான்.

“உன் ஆளே திருட்டுத்தனமா வந்து மாட்டுக்குத் தீனி வெச்சுட்டுப் போறான். இன்னிக்குத் தீனி வெக்கறவன் நாளைக்கு வண்டி பூட்டமாட்டானா? சங்கமாம் சங்கம்.”

அதை ஆண்டி சொல்லக் கேட்டுப் புளியமரத்தடிக் கூட்டம் கொதித்தது. எல்லோருக்கும் மேலே வண்டி ஓட்டுகிற மாதுவின் குரல்தான் கேட்டது. அந்தக் கருங்காலி மட்டும் கையில் கிடைக்கட்டும், வண்டிச் சக்கரத்தில் கட்டி உருட்டுகிறேன் என்று குதித்தான். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

சென்னம்மாள் யோசித்தாள். புருஷன் இல்லாதவள். தெருவை விட்டுத் தள்ளிவிட்டால் ஒகேனக்கல் ஆற்றங்கரையில் கையேந்துவதுதான் கதி. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டே சங்கம் சிதறிப்போகும். மேஸ்திரி வேண்டுவதும் அதுதானே?

எழுந்து நின்றாள்.

“நாந்தானுங்க.”

ஆண்டி அவள் பக்கம் திரும்பினான்.

“நம்ம தெருவுல ஒரு பிடி வைக்கோல் ஏது? எதைப் போட்டே?”

“என் வூட்டுக் கூரையில, பின்சரிவுல புடுங்கினேனுங்க. மத்தியானத்துல கொட்டகைப் பின்தட்டியைப் பிரிச்சுட்டு உள்ளே போனேன். என்னை என்ன வேணாலும் செய்யுங்க அண்ணா. ஆனா, போட்டும் பிரயோஜனமில்லீங்க. பட்டினி கெடந்த மாடு பாஞ்சு திங்கும்னு பார்த்தேன். செவலை மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. நம்மளைக் காணாத ஏக்கத்துல தீனி எறங்கலை. செத்துருமுங்க.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அதிசயமாக, யாரும் அவளைத் திட்டவில்லை. மாது குனிந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். ஆண்டி மீசையைத் தடவினான், தொண்டையைச் செருமினான்.

“சத்தியம்னா சத்தியந்தான். இன்னையிலேர்ந்து சென்னம்மாளுக்கு நெருப்பு, தண்ணி…”

முடிப்பதற்குள் வத்தல்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்த கோடைமழை சடசடவென்று இறங்கிவிட்டது. எல்லோரும் எதிரே இருந்த ஆண்டியின் குடிசைக்குள் நெருக்கியடித்துப் புகுந்தார்கள்.

உள்ளேயும் மழைதான். கூரையின் பின்பக்கத்தில் முறம் அகலத்துக்கு வானம் தெரிந்தது. ஆண்டியின் மனைவி பாஞ்சாலி ஒழுகுகிற இடத்திலெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“கொரங்கு புடுங்கிடுச்சு,” என்றான் ஆண்டி, அவன் மட்டும் மேலே பார்க்காமல்.

“ஆமாமா. மீசை வெச்ச கொரங்கு,” என்றாள் பாஞ்சாலி. “கோழி கூப்பிடறதுக்கு முந்தியே ஒரு கத்தை புடுங்கி அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போவும். செவலை திங்க மாட்டேங்குதுன்னு வந்து உம்முன்னு ஒக்காந்துக்கும்.”

ஆண்டி வாயைத் திறப்பதற்குள், “ஐயோ, எங்க வூட்டு மூலையில பாயி நனையுமே,” என்று மாது மழையில் பாய்ந்து ஓடினான்.

“எங்க ராகி மாவு,” என்று இன்னொருத்தி ஓடினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். தெரு முழுக்கச் சட்டி பானை உருளும் சத்தம்.

சென்னம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏக்கமாவது ஒன்றாவது. ஆளாளுக்குப் போட்டதை வயிறு முட்டத் தின்ற மாடு இன்னும் எப்படித் தின்னும்? அழுத முகத்தோடு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குடிசையே சிரித்தது.

பாஞ்சாலி அடுப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்து ஓட்டாஞ்சில்லில் வைத்துச் சென்னம்மாளிடம் நீட்டினாள். “இந்தா, நெருப்பு. தண்ணிதான் மேலேருந்தே வருதே. உங்க அண்ணன் தடுக்கட்டும் பார்ப்போம்.”

மழை விட்டதும் மறுபடி எல்லோரும் புளியமரத்தடியில் கூடினார்கள். ஆண்டியின் குரல் இப்போது பழைய கம்பீரத்துக்கு வந்திருந்தது.

“விடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்தே உள்ளே போவோம். செவலையையும் மயிலையையும் ஊர்வலமா ஓட்டிக்கிட்டுப் போய்த் தலைவர் வூட்டு வாசல்ல கட்டுவோம். ஜீவகாருண்யம் இனி அங்கே நடக்கட்டும். ராகி வந்தாத்தான் மாடு வண்டிக்கு வரும்.”

“கொட்டகை பூட்டியிருக்குமே?” என்றது ஒரு குரல்.

“பின்தட்டி எங்கே பிரியும்னு தெரியாதவங்க கையைத் தூக்குங்க,” என்றான் ஆண்டி.

ஒரு கைகூட உயரவில்லை.