நாற்பதுக்கு நாற்பது

தையற்காரர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே குதிரையை நகர்த்தி, மனைவியின் ராணியைத் தூக்கினார்.

"செக்மேட். தவக்காலம் பூரா நாற்பது ஆட்டம், நாற்பதும் எனக்கே. நாளைக்கு மாதா கோயில்ல நடக்கிற செஸ் போட்டிக்குப் பேர் கொடுக்க ஓடறேன். அஞ்சு மணியோட பட்டியலை மூடிடுவாங்க."

"வேண்டாங்க. கோயில் ஜனமே வேடிக்கை பார்க்கும்."

"பார்க்கட்டுமே. டீயை விட்டதுல இருந்து மூளை சும்மா பளிச்சுன்னு வேலை செய்யுது. நீயும்தான் இருக்கியே. டீ குடிக்கறே, சீரியல் பார்க்கறே. தவக்காலத்துக்குன்னு எதை விட்டே?"

"தவம் முடியட்டும், சொல்றேன். பேர் மட்டும் கொடுக்காதீங்க."

"பொறாமை" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் ஈஸ்டர். பூசை முடிந்து வந்து, இரண்டு டம்ளர் டீயை ஆசைதீரக் குடித்தார். போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று மனைவியோடு உட்கார்ந்தார்.

ஒன்பதாவது நகர்த்தலில் அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தது. கூடவே அவரும்.

"என்னடி இது?"

"தவக்காலம் முடிஞ்சிடுச்சுங்க" என்றாள் மனைவி, காய்களைப் பெட்டியில் போட்டபடி. "நீங்க டீயை விட்டீங்க. நான் ஜெயிக்கறதை விட்டேன்."