லாரி காத்த நம்பர்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழட்டு லாரி ஒன்று, சாதாரண வண்டியாகப் பதிவு செய்துகொள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்தது. இன்று பதிவாகாவிட்டால் நாளைக்குக் காயலான் கடைதான்.

ஆபீஸ் பென்சில் ஒரு தாளோடு வந்தது. "அடிச்சட்டத்துல வெட்டியிருக்கிற சேஸிஸ் நம்பர் எங்கண்ணே இருக்கு? தாளை வச்சுத் தேய்ச்சு எடுக்கணும்."

"சொல்ல மாட்டேன். எதிரி குண்டு போட்டப்பவே வாயைத் திறக்காதவன் நான்."

"நான் எதிரி இல்லண்ணே, பென்சில்."

"எதிரியும் அப்படித்தான் சொல்லுவான்."

பென்சில் அடியில் நுழைந்து, நம்பரைத் தானே தேடிப் பிடித்துத் தேய்த்தது. லாரிக்குக் கிச்சுக்கிச்சு தாங்கவில்லை. ஹாரன் அலறியது, கதவு இரண்டும் திறந்துகொண்டன.

"ஐயோ, சொல்லிடறேன். டீசல் கிடங்கு மலைக்குப் பின்னாடி. பாலத்துக்கு அடியில ரெண்டு பீரங்கி. கேப்டனுக்கு இருட்டுன்னா பயம்."

"நம்பர் மட்டும் போதும்ண்ணே," என்றது பென்சில்.

ஒருவழியாகப் பதிவாகி, முன்னும் பின்னும் புது நம்பர் பிளேட் மாட்டினார்கள். லாரி நிம்மதியாக ரோட்டில் ஏறியது.

பின்னால் வந்த ஸ்கூட்டர் சொன்னது: "நல்ல நம்பர்ண்ணே, கூட்டினா ஒன்பது வருது."

லாரி சடாரென்று பிரேக் போட்டது.

"உனக்கு யார் காட்டிக்கொடுத்தது?"