கதவுக்கு மேலே ஒரு நீலச் சீட்டு

அறையில் ஐந்து பேர் இருந்தோம். மாவட்டப் பாடத்திட்ட அதிகாரி ஆர்லீன் புரூயிட். நான்காம் வகுப்பு ஆசிரியை டெனீஸ் மேப்ரி. பெற்றோர் சார்பில் மருந்துக்கடை ஹாலிஸ் டேகர்ட். பதிப்பகத்தின் விற்பனையாளன் பிரெண்ட். அவனுக்கு ஓட்டு இல்லை. ஊர்ப் பெரியவருக்கு என்று போட்ட நாற்காலியில் நான், எர்னஸ்டின் கேட்சன், அமோஸ் கேட்சனின் மகள்.

மேசைமீது புதிய சமூக அறிவியல் புத்தகம்.

எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் தங்களைப் பார்க்க வேண்டும் என்பது மாவட்டத்தின் புதிய விதி. அதற்காக ஆர்லீன் வண்ணச் சீட்டுகள் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு வகைப் பிள்ளைக்கும் ஒரு நிறம். எந்தப் பக்கத்தில் யார் முகம் இருக்கிறதோ, அந்தப் படத்தின் மேல் ஒரு சீட்டு. கடைசியில் எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

கறுப்பினத்தவரான எங்களுக்கு நீலம்.

சீட்டு ஒட்டி முடித்தபோது புத்தகம் சேவல் வால் மாதிரி இருந்தது.

கரோலினாவின் பழைய பள்ளிகள் பற்றிய பக்கத்தில், ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு மேலே நீலச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, தொப்பியைக் கையில் பிடித்தபடி என் அப்பா நின்றிருந்தார்.

படத்தின் அடியில் ஒரு வரி: ‘வடக்கத்திச் செல்வர் ஒருவர் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்த பள்ளி.’

அப்பாவின் பெயர் இல்லை.

அந்தச் செல்வர் அனுப்பியது கண்ணாடி ஜன்னல்களும் ஓர் இரும்பு அடுப்பும். நிலம் அப்பாவுடையது. பைன் மரங்கள் அப்பாவுடையவை. ஆணிக்கும் கீலுக்கும் தன் கோவேறு கழுதையை விற்றார். கூரைக்காக எங்கள் தேவாலயச் சபைப் பெண்கள் ஒரு கோடை முழுவதும் மீன் பொரித்து விற்றார்கள்.

இதை அவர்களிடம் சொன்னேன். உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. எழுந்து நின்று சொன்னேன்.

ஹாலிஸ் சிரித்தான். “அட, உங்க அப்பா படமாவது வந்திருக்கு மிஸ் எர்னஸ்டின். எங்க அப்பா இந்த ஊருக்கே மருந்து குடுத்தாரு, அவருக்கு ஒரு மூலைகூட இல்ல.”

“எங்களுக்குப் பின்வாசல்ல வச்சுக் குடுத்தாரு ஹாலிஸ். அந்தப் படம் வேணுமா உனக்கு?”



ஆர்லீன் மதிப்பெண் தாளைப் புரட்டினாள். அவள் கெட்டவள் இல்லை. “படம் இருக்கா இல்லையான்னு கேக்கறதுக்கு இதுல இடம் இருக்குங்க. அடியில போட்டிருக்கறது நிஜமான்னு கேக்கறதுக்கு இடமே இல்ல. நான் என்ன பண்ணட்டும்?”

பிரெண்ட் பணிவான பையன். “ஆதாரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க மேடம், நாளைக்கே மாத்தச் சொல்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பெயர்ப்பலகையாவது இருந்திருக்குமே?”

“பள்ளிக்கூடமே இப்ப இல்ல” என்றேன். “கறுப்பு, வெள்ளைன்னு பிரிச்சு வச்ச பள்ளிகளை ஒண்ணாக்கின வருஷம் மாவட்டமே இடிச்சுட்டுது.”

“அப்ப படத்தையே எடுத்துடலாங்களா?”

எடுத்தால் ஒரு நீலச் சீட்டு குறையும். குறைந்தால் புத்தகம் தேறாது. எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தேர்வுக்குழு ஒருமனதாகச் சொல்லாத புத்தகத்தைக் கல்வி வாரியம் தொடாது. ஒரு கை குறைந்தாலும் பழைய புத்தகமே நீடிக்கும். பழைய புத்தகத்தில் நாங்கள் பருத்திக்காட்டில் குனிந்திருப்போம். அந்தப் பாடம் முடிந்ததும் எங்களைக் காணோம்.

டெனீஸ் எங்கள் சபைப் பெண். என் காதருகே குனிந்தாள்.

“போன வாரம் என் வகுப்புல ஒரு குட்டி கேட்டா, ‘பருத்தி எடுத்து முடிச்சப்புறம் நாமெல்லாம் எங்க போயிட்டோம் டீச்சர்?’ன்னு. அவளுக்கு என்ன சொல்லட்டும்? கையத் தூக்குங்க, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.”

நான் அந்தப் பக்கத்தை என் பக்கம் இழுத்தேன்.

அப்பா காமிராவைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி எதையோ பார்க்கிறார். வெளுத்த சட்டை, மேல்பொத்தான்வரை பூட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் கழுத்துப் பொத்தான் திறந்து தெருவில் நின்றதில்லை.

நீலச் சீட்டின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.

பிறகு கையைத் தூக்கினேன்.

ஆர்லீன் மூச்சுவிட்டாள். ஹாலிஸ் காரைத் தேடிப் போனான். பிரெண்ட் என் கையைக் குலுக்கி, “உங்க அப்பா பெருமைப்படுவாரு மேடம்” என்றான்.

அப்பா எதற்குப் பெருமைப்படுவார் என்று அவனுக்கு நான் கற்றுத்தரப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் இரண்டு பேச்சு கிளம்பியிருந்தது. பதிப்பகத்தான் வாங்கிவந்த பொரித்த கோழிக்கு எர்னஸ்டின் கேட்சன் விலைபோய்விட்டாள் என்பது ஒன்று. அந்தக் கோழிப் பெட்டியை நான் திறக்கவே இல்லை.

மற்றது, கேட்சன் குடும்பத்துப் பள்ளியை ஒரு வடக்கத்தியானுக்கு எழுதிக்கொடுத்த அந்தப் பொய் வரி, பதிப்பகத்து வெள்ளைக்காரர்களின் கைவேலை என்பது.

இல்லை.

கதவுக்கு மேலே, அந்த நீலச் சீட்டுக்கு அடியில், ஒரு பலகை இருக்கிறது. அதில் இருப்பதை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஆட்கள் சொந்தக் காசில் ஒரு பள்ளி கட்டினார்கள். இவர்களுக்கு இவ்வளவு காசு ஏது என்று கேட்டு வெள்ளைக்காரர்கள் அதைக் கொளுத்தினார்கள். அந்த வாரம்தான் எங்கள் பள்ளிக்குப் பலகை வந்தது. எழுதி மாட்டியவர் என் அப்பா. ஏணியைப் பிடித்துக்கொண்டவள் என் அம்மா.

எங்கள் பள்ளி எரியவில்லை.