குடலில் பிறந்த செரட்டோனின்

கெட்டுப்போன இறால் குழம்பு குடலுக்குள் இறங்கியதுமே, அங்கே பிறந்த, சேதி சுமக்கும் வேதிப்பொருளான செரட்டோனினுக்கு ஆபத்து புரிந்துவிட்டது. ரத்தத்தோடு ஓடி மூளையின் வாசலுக்கு வந்து நின்றது.

"கதவைத் திறங்க! சாப்பாட்டுல விஷம். அடுத்த கவளம் கையில இருக்கு!"

காவலன் நகரவில்லை. "எங்கே பொறந்தே?"

"குடல்ல."

"அப்ப உள்ளே விட முடியாது."

"உள்ளேயும் செரட்டோனின் இருக்கே! அதுவும் நானும் ஒண்ணுதானே?"

"அது இங்கேயே பொறந்தது."

அதற்குள் கவளம் வாய்க்குள் போய்விட்டது. செரட்டோனின் குடலுக்கே திரும்பி ஓடியது. அங்கே சுவரோரம், மூளை வரை போகும் நரம்பு ஒன்றின் நுனி இருந்தது. அதைப் பிடித்து உலுக்கியது.

"என்னப்பா?" என்றது நரம்பு.

"விஷம், அண்ணே!"

எங்கே பிறந்தாய் என்று நரம்பு கேட்கவில்லை. சேதியை அப்படியே மேலே அனுப்பியது. வயிறு புரண்டது; தின்றதெல்லாம் வெளியே வந்து விழுந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றது மூளை.

"ஐயா மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!" என்று காவலன் கும்பிட்டான்.

கீழே செரட்டோனின், மிச்சமிருந்த விஷத்தைக் குடலிலிருந்து கழுவித் தள்ளிக்கொண்டிருந்தது.